10 ஜி.பி. வரம்பை முட்டிவிட்ட கிளினிக் தரவுத்தளம்: எதை அழிப்பது, எதை வெளியே எடுப்பது?

மாந்தோப்பு (பாலக்கோடு)
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் என் அண்ணி நடத்தும் கிளினிக்கின் அலுவலக வேலைகளையும் கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாளொன்றுக்கு எழுபது, எண்பது புறநோயாளிகள், நான்கு படுக்கைகள், ஒரு சிறு ஆய்வகம், வாசலில் ஒரு மருந்துக் கடை, மூன்று கணினிகள் என்பதுதான் எங்கள் அளவு. ஏழு ஆண்டுகளாக ஒரே மென்பொருளில்தான் ஓ.பி. சீட்டு, மருந்துக் குறிப்பு, ஆய்வக முடிவு, ரசீது எல்லாமே ஓடுகின்றன. அது மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் 2017இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பின் மேல் இயங்குகிறது.

இன்று காலை பதினொரு மணிக்கு, திங்கட்கிழமைக் கூட்டம் வாசல் வரை நின்ற நேரத்தில், புதுச் சீட்டு எதையும் சேமிக்க முடியாமல் போனது. திரையில் வந்த பிழை எண் 1105. முதன்மைக் கோப்புக் குழுவில் இடம் ஒதுக்க முடியவில்லை என்பது அதன் பொருள். மாலை வரை கார்பன் தாள் வைத்துக் கையால் ரசீது எழுதினோம். தரவுக் கோப்பு, அதாவது எம்.டி.எஃப்., 10,240 எம்.பி. என்று காட்டுகிறது. அதன் பக்கத்திலேயே இருக்கும் எல்.டி.எஃப்., அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக் கோப்பு, 31 ஜி.பி. இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியவர், மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பதிவுகளை அழித்துவிடலாம், இல்லையென்றால் ஆண்டுக்கு ஒரு புதிய தரவுத்தளம் தொடங்கித் தருகிறோம் என்கிறார். இரண்டுக்கும் அண்ணி ஒப்பவில்லை.

எதற்கும் ஒரு பேக்கப் எடுத்து வைப்போம் என்று 32 ஜி.பி. பென் டிரைவில் நகலெடுத்தால், இடம் முழுக்கக் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று மறுக்கிறது. நாளைக் காலை எட்டரைக்குக் கதவு திறக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பர்கூர்_நிரலாளன்
திங்கள், இரவு 10.05

அண்ணா, இதற்கு இவ்வளவு கவலை தேவையில்லை. தரவுத்தளத்தின் மேல் வலது சொடுக்கில் ஷ்ரிங்க் என்ற வசதி இருக்கிறது. அதை ஒருமுறை ஓட்டினால் கோப்பு சுருங்கிவிடும். ஆட்டோ ஷ்ரிங்க் என்ற அமைப்பையும் இயக்கி வைத்துவிட்டால் இனி இந்தத் தொல்லையே வராது.

ஓசூர்_சர்வர்
திங்கள், இரவு 10.50

தம்பி பர்கூர் அவர்கள் சொன்னதை இன்றிரவு செய்ய வேண்டாம். ஷ்ரிங்க் என்பது கோப்புக்குள் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் இடத்தை விண்டோஸிடம் திருப்பிக் கொடுக்கும் வேலை மட்டுமே. நிரம்பிய மூட்டையை எவ்வளவு அழுத்திக் கட்டினாலும் அரிசி குறையாது. 1105 வருகிறது என்றால் உங்கள் கோப்பில் காலியிடமே இல்லை என்றுதான் பொருள். ஆட்டோ ஷ்ரிங்க் அதைவிடக் கெடுதலானது. கோப்பில் காலியிடம் சேரும்போதெல்லாம் அது தானாகச் சுருக்கும், கோப்பு மறுபடியும் வளரும். இந்த இழுபறியில், தேடலுக்கு உதவும் இன்டெக்ஸ்கள் சிதறித் தேடல் மந்தமாகிவிடும்.

வரம்பைப் பற்றிச் சில செய்திகள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் 2005, 2008 ஆகியவற்றுக்கு ஒரு தரவுத்தளத்துக்கு 4 ஜி.பி. வரம்பு இருந்தது, 2008 ஆர்2 முதல் அது 10 ஜி.பி. ஆனது. இந்த வரம்பு தரவுக் கோப்புகளுக்கு மட்டும்தான், லாக் கோப்பு அந்தக் கணக்கில் வராது. ஆகவே 31 ஜி.பி. லாக் உங்கள் வட்டைத்தான் தின்கிறது, இன்றைய பிழைக்கு அது காரணமில்லை. கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதால் பலர் அதன் பின்னால் ஓடிப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

பென் டிரைவ் மறுப்பதற்குக் காரணம் அது எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பது. அந்த முறையில் ஒற்றைக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதில் வேறு ஒன்றும் இல்லையென்றால் எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் மறுபடி வடிவமைத்து இன்றிரவே பேக்கப்பை அதில் ஏற்றுங்கள். அது முடியும் வரை தரவுத்தளத்தில் எதையும் தொட வேண்டாம்.

அதன் பிறகு செய்ய வேண்டியது அளப்பது மட்டுமே. தரவுத்தளத்தை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தரவுத்தளத்தின் மேல் வலது சொடுக்கி, ரிப்போர்ட்ஸ், ஸ்டாண்டர்டு ரிப்போர்ட்ஸ் வழியாக ‘டிஸ்க் யூசேஜ் பை டாப் டேபிள்ஸ்’ என்பதைத் திறந்தால், எந்த அட்டவணை எத்தனை இடம் பிடித்திருக்கிறது என்று இறங்கு வரிசையில் வரும். முதல் ஐந்து வரிகளை இங்கே எழுதுங்கள். நோயாளிகளின் பெயர் எதையும் பதிவிட வேண்டாம்.

கிருஷ்ணகிரி_கணக்கர்
செவ்வாய், காலை 6.30

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். எங்கள் கணக்கு மென்பொருளில் ஏப்ரல் முதல் நாளில் பழைய ஆண்டைப் பிரித்து வைத்துவிட்டுப் புதிய ஆண்டைத் தொடங்குவது வழக்கம்தான். நிறுவனம் சொல்லும் யோசனை அவ்வளவு தவறாக எனக்குத் தோன்றவில்லை.

அரூர்_எலும்பு
செவ்வாய், காலை 7.15

கணக்கர் ஐயா, புதுக்கணக்குப் போடுவது மளிகைக் கடைக்குச் சரி. அங்கே கடன் பாக்கி ஒரு தொகையாக அடுத்த ஏட்டுக்கு வந்துவிடும். நோயாளிக்கு அப்படி ஒரு இறுதி இருப்பு கிடையாது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு வருபவரின் மூன்று மாத சராசரி அளவுகளை வரிசையாகப் பார்க்க வேண்டுமானால், நான் ஆறு தரவுத்தளங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருக்கும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் ஓ.பி.யில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். பழைய பதிவு இருந்தும் இல்லாததாகிவிடும்.

நம் வட்டாரத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் இங்கு எல்லோருக்கும் தெரியும். காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் இருபது, முப்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தவர்கள் முதுகு வளையவில்லை, முழங்கால் மடங்கவில்லை என்று இன்றும் என்னிடம் வருகிறார்கள். எலும்பு ஃபுளோரோசிஸ் ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பு எனக்குப் பழைய குறிப்பு அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் ஒரே குறிப்பு.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதவி எண்ணில் பேசியவர் மூன்று ஆண்டு என்று சொன்னது, இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளிலிருந்து வந்திருக்கலாம். அதில் உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அது குறைந்தபட்சக் காலம்; அதற்கு மேல் அழித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை அல்ல. கருவுற்றோருக்கு அல்ட்ரா சவுண்ட் பார்க்கும் இடமாக இருந்தால், பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் விதிகள்படி அந்தப் படிவங்களைத் தனியாக 2 ஆண்டுகளும், வழக்கு நடந்தால் அது முடியும் வரையிலும் காக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள எந்த நோயாளியின் பதிவையும் தொடவே கூடாது. இடப்பற்றாக்குறையை வைத்து மருத்துவப் பதிவை அழிக்கும் முடிவை யாரும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

மாந்தோப்பு (பாலக்கோடு)
செவ்வாய், காலை 8.05

டாக்டர் ஐயாவுக்கு நன்றி. அண்ணியும் இதைத்தான் சொன்னார்கள். பென் டிரைவை மறுபடி வடிவமைத்தேன், பேக்கப் ஏறிவிட்டது. அளந்த கணக்கு இதோ.

காகிதப் படங்களுக்கான அட்டவணை 7,900 எம்.பி. யார் எப்போது எந்தத் திரையைத் திறந்தார்கள் என்று எழுதி வைக்கும் அட்டவணை 830 எம்.பி. ரசீது அட்டவணையின் பெயரோடு ‘பழையது’ என்று சேர்த்து ஒன்று இருக்கிறது, 570 எம்.பி. நோயாளிகள், வருகைகள், மருந்துக் குறிப்பு, ஆய்வக முடிவு, ரசீது என மீதி எல்லா அட்டவணைகளும் சேர்ந்து 900 எம்.பி.க்குள் அடங்கிவிடுகின்றன.

படங்கள் என்பவை நோயாளிகள் கொண்டுவரும் வெளி மருத்துவமனைச் சுருக்கங்களும் வெளி ஆய்வக அறிக்கைகளும். இரண்டு ஆண்டு ஒன்பது மாதங்களாக வரவேற்பில் இருக்கும் பெண் அவற்றை ஸ்கேனரில் வைத்து ஏற்றுகிறார், நாளுக்கு இருபது தாள் இருக்கும். அட்டவணையில் சுமார் 16,500 வரிகள் உள்ளன.

ஓசூர்_சர்வர்
செவ்வாய், காலை 8.20

கதவு திறக்கும் நேரம் என்பதால் முதலில் அவசர வேலையைச் சொல்கிறேன். ‘பழையது’ என்ற அட்டவணை, எப்போதோ மென்பொருளைப் புதுப்பிக்க வந்தவர் பாதுகாப்புக்காக எடுத்து, பிறகு மறந்துவிட்டுப் போன நகலாக இருக்க வேண்டும். இப்போதே நிறுவனத்தை அழைத்து, அதை எந்தத் திரையும் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீக்கிவிடுங்கள். கோப்பின் அளவு 10,240 என்றே காட்டும், அதைக் கண்டு பதற வேண்டாம். உள்ளே 570 எம்.பி. காலியாகியிருக்கும், புதுச் சீட்டுகள் அந்த இடத்தில் போய் உட்காரும். கோப்பு அதற்கு மேல் வளரக் கூடாது என்பதுதான் வரம்பு. உள்ளே இருக்கும் காலியிடத்தைப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை. மீதியை மாலையில் பேசுவோம்.

மாந்தோப்பு (பாலக்கோடு)
செவ்வாய், காலை 8.55

நீக்கிவிட்டேன். முதல் டோக்கனுக்குச் சீட்டு வந்துவிட்டது.

ஓசூர்_சர்வர்
செவ்வாய், இரவு 9.15

இப்போது அந்த 7,900 எம்.பி.க்கு வருவோம். 16,500 படங்களுக்கு 7,900 என்றால் ஒரு தாளுக்கு ஏறத்தாழ 480 கே.பி. ஆகிறது. சாதாரண ஜேபெக் படமாகச் சேமித்த ஒரு அறிக்கைத் தாளுக்கு இது அதிகமாகத் தெரிந்ததால், படம் இருக்கும் நெடுவரிசையின் தரவு வகையைப் பார்த்துச் சொல்லுமாறு மதியம் இவருக்குத் தனிச் செய்தி அனுப்பியிருந்தேன். என்வார்கேர் மேக்ஸ் என்று பதில் வந்தது, அது எழுத்துகளைச் சேமிப்பதற்கான வகை. அதில் இருக்கும் எழுத்துகள் எல்லா வரியிலும் ஒரு சாய்கோடு, ஒன்பது, சிறிய ஜே, மறுபடி ஒரு சாய்கோடு என்றே தொடங்குகின்றன. அது பேஸ்64 ஆக மாற்றிய ஜேபெக் படத்தின் அடையாளம்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸ்64 என்பது மூன்று பைட்டை நான்கு எழுத்தாக எழுதும் முறை. அதிலேயே அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த எழுத்துகளை என்வார்கேர் வகையில் போட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட்டு வீதம் செலவாகும். ஆக 180 கே.பி. படம் 240 ஆகி, 240 பிறகு 480 ஆகியிருக்கிறது. உங்களிடம் உண்மையில் இருப்பது சுமார் 3 ஜி.பி. படங்கள், அவை 7.9 ஜி.பி. இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மென்பொருளை எழுதியவர் ஒரு அவசரத்தில் எழுத்துப் பெட்டிக்குள் படத்தைத் திணித்திருக்கிறார். மூன்று மாதச் சோதனையில் இந்தச் செலவு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நேற்றைய யோசனையையும் இதே கணக்கில் நிறுத்துப் பார்க்கலாம். ஏழு ஆண்டு மருத்துவ எழுத்து முழுவதும் 900 எம்.பி. கூட இல்லை. முதல் நான்கு ஆண்டுப் பதிவுகளை அழித்திருந்தால் 400, 500 எம்.பி. கிடைத்திருக்கும். நாளுக்கு இருபது தாள் வீதம் ஏறத்தாழ 10 எம்.பி. சேரும் இடத்தில் அது ஐம்பது நாளைக்குக்கூடப் போதாது. ஐம்பது நாள் இடத்துக்காக நான்கு ஆண்டு நோயாளிகளின் வரலாற்றைக் கொடுத்திருப்பீர்கள். காலையில் கிடைத்த 570ம் அப்படித்தான், இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

தேடல் மந்தமாக இருக்கிறது என்றும் இவர் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். 2017 எக்ஸ்பிரஸ் தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1,410 எம்.பி. வரைதான் பயன்படுத்தும், கணினியில் 16 ஜி.பி. ராம் இருந்தாலும் அவ்வளவுதான். யாராவது பழைய படங்களை நாலைந்து திறக்கும்போதெல்லாம், அடிக்கடி தேவைப்படும் நோயாளிப் பக்கங்கள் அந்தச் சிறிய இடத்திலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன.

என் பரிந்துரை, படங்களைத் தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு கோப்புறையில் வைத்து, அட்டவணையில் அதன் இருப்பிடத்தை மட்டும் எழுதுவது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். அட்டவணை அமைப்பு நிறுவனத்துடையது. நாம் கைவைத்தால் அவர்களுடைய திரை படத்தைத் தேடிக் காணாமல் நிற்கும், பிறகு உதவியும் கிடைக்காது. நான் போட்ட கணக்கை அப்படியே மின்னஞ்சலில் அனுப்புங்கள். உதவி எண்ணில் பேசுபவருக்கு இதைப் புரிந்துகொள்ள நேரமிருக்காது, நிரல் எழுதுபவர் கண்ணில் பட்டால் அவருக்கே வெட்கமாக இருக்கும்.

பர்கூர்_நிரலாளன்
புதன், காலை 7.40

ஷ்ரிங்க் பற்றி நான் எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேள்விகள். நோயாளிகளின் பெயர், முகவரி எல்லாம் என்வார்கேரில் இருப்பதால் அவற்றை யு.டி.எஃப்.-8 என்ற வேறோர் எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்றினால் பாதி இடம் மிஞ்சாதா? எஸ்.க்யூ.எல். சர்வர் 2025 எக்ஸ்பிரஸில் வரம்பு 50 ஜி.பி. என்கிறார்கள், அதற்கு மாறிவிட்டால் இவ்வளவு வேலையும் தேவையில்லை அல்லவா?

ஓசூர்_சர்வர்
புதன், காலை 8.10

ஆங்கில எழுத்துக்கு யு.டி.எஃப்.-8இல் ஒரு பைட்டு. தமிழ்க் குறிகளுக்கு மூன்று. ‘தருமபுரி’ என்ற சொல்லில் உகர, இகரக் குறிகளையும் சேர்த்து எட்டுக் குறிகள் உள்ளன. என்வார்கேரில் அது 16 பைட்டு, யு.டி.எஃப்.-8இல் 24. தமிழில் பெயர் எழுதும் கிளினிக்குக்கு அந்த மாற்றம் நட்டம். மேலும் 2017இல் அந்த வசதியே இல்லை, 2019இல்தான் வந்தது. (‘தர்மபுரி’ என்று எழுதினாலும் அதே எட்டுதான். ஆனால் இரண்டு விதமாகவும் எழுதி வைத்துவிட்டு ஊர் வாரியாக எண்ணிக்கை எடுக்கும் கிளினிக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.)

2025 எக்ஸ்பிரஸின் வரம்பு 50 ஜி.பி. என்பது உண்மை. நிறுவனம் தன் மென்பொருளை அதில் சோதித்து எழுத்தில் உறுதி தந்தால் மாறலாம். ஒருமுறை புதிய பதிப்பில் ஏற்றிய தரவுத்தளத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பி இறக்க முடியாது என்பதால் அவசரத்தில் செய்யும் வேலை அல்ல அது. அப்படியே மாறினாலும், மூன்று மடங்கு பருத்த படங்களை ஒவ்வோர் இரவும் பேக்கப் எடுக்கும் சுமை குறையாது. எக்ஸ்பிரஸில் பேக்கப்பைச் சுருக்கும் வசதியும் கிடையாது.

இன்னொரு வழி ஃபைல்ஸ்ட்ரீம், அதாவது படங்களைத் தரவுத்தளமே வட்டில் தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ளும் வசதி. எக்ஸ்பிரஸிலேயே உண்டு, அதில் வைக்கும் படங்கள் 10 ஜி.பி. கணக்கில் சேராது, பேக்கப் எடுத்தால் படங்களும் கூடவே வரும். நிறுவனத்துக்கு அது தெரிந்திருந்தால் கோப்புறையைவிட அதையே நான் விரும்புவேன்.

லாக் கோப்பையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் தரவுத்தளம் ஃபுல் என்ற மீட்பு முறையில் இருக்கும், லாக் பேக்கப் ஒருமுறைகூட எடுத்திருக்க மாட்டீர்கள். அந்த முறையில் லாக் பேக்கப் எடுக்கும் வரை பழைய வரிகளை அழித்து எழுத அனுமதி கிடைக்காது, ஏழு ஆண்டுகளாக வளர்ந்திருக்கிறது. சிம்பிள் முறைக்கு மாற்றி, லாக் கோப்பை மட்டும் ஒரே ஒருமுறை 1 ஜி.பி.க்குச் சுருக்குங்கள். ஷ்ரிங்க் பொருத்தமாகும் இடம் இது. சிம்பிள் முறையில், கடைசி பேக்கப்புக்குப் பிறகு நடந்த வேலை வட்டு பழுதானால் போய்விடும். ஆகவே இரவில் முழு பேக்கப், மதியம் ஓ.பி. முடிந்ததும் முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் ஒரு டிஃபரன்ஷியல் பேக்கப் என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸில் நேரம் குறித்து வேலை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், பேக்கப் எடுக்கச் சொல்லும் எஸ்.க்யூ.எல்.சி.எம்.டி. கட்டளையை வைக்க வேண்டும்.

அரூர்_எலும்பு
புதன், இரவு 10.30

படங்களைக் கோப்புறைக்குக் கொண்டுபோவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தரவுத்தளத்துக்குள் இருந்தவரை கடவுச்சொல் இல்லாமல் யாரும் பார்க்க முடியாது. கோப்புறைக்கு வந்துவிட்டால், நோயாளியின் பெயரையே கோப்புப் பெயராக வைத்து, வரவேற்புக் கணினியில் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி விட்டுவிடுவார்கள். எச்.ஐ.வி. சோதனை முடிவும் மனநலக் குறிப்பும் அந்தத் தாள்களில் இருக்கும். பாலக்கோடு போன்ற ஊரில் வரவேற்பில் இருப்பவரும் நோயாளியும் ஒரே தெருக்காரர்களாக இருப்பது சாதாரணம். இரண்டாவது, தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டுக் கோப்புறையை மறந்துபோகும் நாள் ஒன்று கட்டாயம் வரும்.

ஓசூர்_சர்வர்
வியாழன், காலை 6.50

டாக்டரின் இரண்டு கவலைகளும் நியாயமானவை. இரண்டாவதை நானே ஓர் இடத்தில் நேரில் பார்த்தேன். தரவுத்தளம் மீண்டது, படம் ஒன்றும் மீளவில்லை. ஆகவே கோப்புப் பெயர் வரிசை எண்ணாக மட்டும் இருக்கட்டும், ஆண்டு, மாதம் என்று உட்கோப்புறை பிரித்தால் போதும். அந்தக் கோப்புறையைத் திறக்கும் உரிமை மென்பொருள் ஓடும் கணக்குக்கு மட்டும் இருக்க வேண்டும், பயனர்களுக்குப் பகிரக் கூடாது. பேக்கப் எடுக்கும் அதே கட்டளைக் கோப்பில், முதலில் தரவுத்தளம், அடுத்து கோப்புறை என்ற வரிசையில் எழுதிவிடுங்கள். வரிசை மாறினால், நடுவில் ஏறிய படம் அட்டவணையில் பெயராகவும் வட்டில் வெறுமையாகவும் இருக்கும். வெளியே எடுத்துச் செல்லும் வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள்.

காவேரிப்பட்டணம்_ஆய்வகம்
வியாழன், மதியம் 2.20

நான் ஆய்வக நுட்பநர். தொடக்கத்திலேயே குறைக்கக் கூடியதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஸ்கேனர் வரும்போதே 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), முழு வண்ணம் என்ற அமைப்பில்தான் இருந்தது. ஒரு ஏ4 தாள் அந்த அமைப்பில், சுருக்குவதற்கு முன், ஏறத்தாழ 26 எம்.பி. அதையே 150 டி.பி.ஐ. சாம்பல் நிறத்தில் எடுத்தால் சுமார் 2.2 எம்.பி., பன்னிரண்டில் ஒரு பங்கு. அச்சடித்த ஆய்வக அறிக்கைக்கு இது தாராளம். டாக்டர்கள் கையால் எழுதிய சுருக்கங்களை மட்டும் 200இல் எடுக்கிறோம். சிலருடைய கையெழுத்துக்கு 600 வைத்தாலும் பயனில்லை என்பது வேறு விஷயம். ஈ.சி.ஜி. தாளில் இளஞ்சிவப்புக் கட்டங்கள் தெரிய வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் வண்ணம். எக்ஸ்ரேவின் மூலப் படத்தை இந்த வழியில் ஏற்றவே கூடாது. அது எக்ஸ்ரே கணினியிலேயே, மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவில் இருக்க வேண்டும், இங்கே அறிக்கைத் தாள் போதும்.

மாந்தோப்பு (பாலக்கோடு)
மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, மாலை 5.10

நடந்ததை எழுதுகிறேன். மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் நிறுவனத்தில் நிரல் எழுதும் ஒருவரே அழைத்தார். படத்தை எழுத்தாக வைத்தது பழைய தொகுதி என்றும், தற்போதைய பதிப்பில் கோப்புறையில் வைக்கும் வசதி இருக்கிறது என்றும், யாரும் கேட்காததால் பழைய வாடிக்கையாளர்களுக்கு மாற்றித் தரவில்லை என்றும் சொன்னார். ஃபைல்ஸ்ட்ரீம் பற்றிக் கேட்டேன். அதைத் தாங்கள் பயன்படுத்திப் பழகவில்லை என்றார்.

முதல் ஞாயிறு ஓசூர் ஐயா சொன்னபடி ஒத்திகை பார்த்தோம். பேக்கப்பை வீட்டு மடிக்கணினியில் ஏற்றி, அங்கே படங்களை வெளியே எடுத்து, திரையில் நூறு நோயாளிகளைத் திறந்து பார்த்தோம். மடிக்கணினியில் ஏற்றியபோதுதான், ஏழு ஆண்டுகளில் எங்கள் பேக்கப் ஒன்றை நாங்கள் திறந்து பார்ப்பது இதுவே முதல்முறை என்று உறைத்தது. அடுத்த ஞாயிறு உண்மையான கணினியில் செய்தோம். வெளியே வந்த கோப்புகளின் எண்ணிக்கை அட்டவணை வரிகளோடு பொருந்தியது; பதினான்கு படங்கள் மட்டும் ஒன்றுமில்லாத கோப்புகளாக வந்தன. தேடிப் பார்த்ததில் அவை ஏற்றும்போதே, பெரும்பாலும் மின்வெட்டு நேரத்தில், வெறுமையாகச் சேர்ந்தவை. பட்டியல் எடுத்து வைத்திருக்கிறோம்; அந்த நோயாளிகள் வரும்போது தாளை மறுபடி வாங்க வேண்டும். வரவேற்பு ஸ்கேனருக்கு இப்போது யு.பி.எஸ். இணைப்பு கொடுத்தாயிற்று.

திரை திறந்த குறிப்பு அட்டவணையில் ஓர் ஆண்டுக்கு முந்தையதைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, ஆயிரம் ஆயிரம் வரியாக நீக்கினோம். மருத்துவப் பதிவில் ஒரு வரிகூட அழிக்கவில்லை. லாக் 1 ஜி.பி.யில் நிற்கிறது. எம்.டி.எஃப். மட்டும் இன்னும் 10,240 என்றே காட்டுகிறது. அதைச் சுருக்கட்டுமா?

ஓசூர்_சர்வர்
ஞாயிறு, மாலை 6.00

வட்டில் வேறு எதற்காவது இடம் நெருக்கடியா? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். காலியான பக்கங்களை பேக்கப் நகலெடுக்காது. ஆகவே பேக்கப் சிறியதாகவே வரும். பெரிய வீட்டில் சாமான் குறைந்துவிட்டது என்பதற்காகச் சுவரை இடிப்பதில்லை.

பர்கூர்_நிரலாளன்
ஞாயிறு, மாலை 6.20

பேக்கப் இப்போது எவ்வளவு வருகிறது, அண்ணா?

மாந்தோப்பு (பாலக்கோடு)
ஞாயிறு, இரவு 8.45

நேற்றிரவு எடுத்தது 1.2 ஜி.பி., தம்பி. படங்கள் 3 ஜி.பி. தனியாக இருக்கின்றன, அன்றன்று சேர்ந்தவை மட்டும் வெளி வட்டுக்குப் போகின்றன. ஆய்வக அம்மா சொன்ன அமைப்புக்கு மாற்றிய பிறகு ஒரு தாள் 60, 70 கே.பி.யில் அடங்குகிறது. கையால் எழுதிய ரசீதுகளையும் இன்றோடு ஏற்றி முடித்துவிட்டோம்; அந்தத் திங்கட்கிழமையின் கணக்கில் நாற்பது ரூபாய் உதைக்கிறது, அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.